டப்பாவில் இல்லாத பேச்சு

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கால்சியம் பொடி விற்கும் ஏஜென்ட்டுகள் பலர் பொள்ளாச்சி, கோவையிலிருந்து வருகிறார்கள். தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் மீட்டிங், டீ, முறுக்கு. மூட்டுவலி, சுகர், பிரஷர், கிட்னிக் கல் எல்லாம் போய்விடும் என்பார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் இதில் ஒன்றுகூட இருக்காது. 'ஹெல்த் சப்ளிமென்ட்', 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கும். சட்டப்படி அச்சிட்டே ஆகவேண்டிய வாசகம் அது.

பாலக்காட்டுச் சித்தூரில் வக்கீலாக இருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு தோட்டக்கார அம்மா, "இதைக் குடிச்சா சுகர் மாத்திரையே வேண்டாம்னு சொன்னாங்க சார்" என்றார். மாத்திரையை நிறுத்தி, சர்க்கரை ஏறி, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தபின் மகன் கூட்டிவந்தார். கையில் காலி டப்பா மட்டும்தான், பில் கிடையாது. கம்பெனியைக் கேட்டால், ஏஜென்ட் பேசியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள்.

அந்தப் பதில் செல்லாது. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, தன் ஏஜென்ட் விற்ற பொருளால் வரும் புகாருக்குக் கம்பெனியே பொறுப்பு. அதைவிடப் பழைய ஆயுதம், 1954-ன் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் விளம்பரச் சட்டம். அதன் பட்டியலில் நீரிழிவு, ரத்த அழுத்தம், புற்றுநோய், சிறுநீரகக் கல் எல்லாம் உண்டு. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்தால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை. விளம்பரம் என்பதில் வாயால் சொல்லும் அறிவிப்பையும் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. திண்ணைப் பேச்சு அதில் வராது, இது உணவுப் பொருள்தான், மருந்தே அல்ல என்றெல்லாம் எதிர்த்தரப்பு வாதாடத்தான் செய்யும். நோய் தீரும் என்று பத்துப் பேரைக் கூட்டிவைத்து விற்றால் அது மருந்து விளம்பரம்தான் என்பது என் கட்சி.

ஆனால் பேசியதை நிரூபிக்கணுமே! அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு கால்சியம் சரக்குக்கு நடந்த வழக்கில் அந்தச் சிக்கல் இல்லை. ஜப்பானின் ஒகினாவா தீவுப் பவளப்பாறையிலிருந்து எடுத்ததாகச் சொன்ன பவளக் கால்சியம் புற்றுநோயைக்கூடத் தீர்க்கும் என்று டிவியிலேயே விளம்பரம் ஓடியது. 2003 ஜூனில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் அந்த விளம்பரத்தில் பேசிய கெவின் ட்ரூடோ, ராபர்ட் பேர்ஃபுட் உள்ளிட்டோர் மீது வழக்குப் போட்டது. மறு வருடமே ட்ரூடோ 20 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார். அதில் வீடும் காரும்கூடப் போயின. பிறகு வேறொரு விளம்பரத்தில் கோர்ட் உத்தரவை மீறி, 2014-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை வாங்கினார். இத்தனைக்கும் பவளக் கால்சியத்தில் பெரும்பகுதி சாதாரண கால்சியம் கார்பனேட். மெடிக்கல் ஷாப்பில் மலிவாகக் கிடைக்கிற கால்சியம் மாத்திரை பலவற்றிலும் அதுதான்.

நம் பக்கம் டிவிக்குப் பதில் வாட்ஸ்அப். அந்த அம்மாவின் பழைய போனைத் துழாவியதில் ஏஜென்ட் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று கிடைத்தது: "ஒரு மாசம் மாத்திரையைத் தொடாதீங்கம்மா." கேஸுக்கு உயிர் வந்ததே அதில்தான். அப்படி ஏதாவது வந்திருந்தால் அழிக்காதீர்கள். ஃபார்வர்டு செய்த நகல் மட்டும் போதாது, வந்து சேர்ந்த போனே வேண்டும். கிரிமினல் கோர்ட்டில் அதற்கு எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கென 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வைக்கணும். பில் தரவில்லை என்றால் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்புங்கள், பெயரும் தேதியும் பதிவாகிவிடும். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஏஜென்ட் தமிழ்நாடு, நாம் கேரளா, எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்றுதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் சட்டத்தில் அந்தத் தொல்லை தீர்ந்தது. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; நமக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, என்னைப் போல ஒரு வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போடணும். முதலில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளணும் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.