"பசிச்சா தன்னால திங்கும்" என்று கிளியைப் பட்டினி போடாதீர்கள்

காக்டெயில் என்ற வளர்ப்புக் கிளியைத் துண்டில் சுற்றிக் கொண்டு வருவார்கள். கையில் வாங்கினால் நெஞ்செலும்பு கத்தி முனை போல விரலில் தட்டும். "காய்கறி பழக்கச் சொன்னீகளே டாக்டர், அதான் ரெண்டு நாளா தினையை எடுத்துட்டு வெறும் கேரட் மட்டும் வச்சோம். பசிச்சா தன்னால திங்கும்னு பார்த்தோம்." கூண்டுத் தாளில் கரும்பச்சையாக நாலு சொட்டு. எச்சத்தில் இருக்க வேண்டிய கெட்டிப் பகுதியே இல்லை. உள்ளே ஒன்றும் போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கேரட் மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கும்.

இது அடிக்கடி நடப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. காய்கறி பழக்கச் சொன்னால் தினையை நிறுத்தச் சொன்னதாக அர்த்தமில்லை.

பசித்தால் தின்னும் என்ற கணக்கு நாய்க்குச் சரிப்படலாம், கிளி இனத்துக்குச் சரிப்படாது. பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம். அதைத்தான் நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிறார்கள். காக்டெயில் 80 முதல் 110 கிராம். அந்த உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பகலும் ஒரு இரவும் வயிறு காய்ந்தாலே ஆபத்து, இரண்டு நாள் என்றால் உயிரே போகலாம்.

அதைவிட முக்கியம், கேரட் என்பது சாப்பாடு என்று அதற்குத் தெரியாது. எது சாப்பாடு என்பதைக் குஞ்சாக இருக்கும்போது தாய் தகப்பனைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்துத்தான் பறவை கற்றுக்கொள்கிறது. பண்ணைக் கூண்டில் பிறந்த பட்ஜி பார்த்ததெல்லாம் தினை மட்டும். சிறிதாக, உருண்டையாக, காய்ந்து, உமியோடு இருக்க வேண்டும். அதுதான் அதன் அகராதியில் உணவு. ஆரஞ்சு நிறத் துண்டும் பேனா மூடியும் அதற்கு ஒன்றுதான். எதிரே உணவு இருந்தும் பட்டினி கிடக்கிறதே, என்ன அடம் என்கிறீர்கள். அது அடம் இல்லை, பயம். காட்டில் மற்றவற்றுக்கு இரையாகும் பிராணி, புதிதாக ஒன்றைக் கண்டால் விலகித்தான் நிற்கும்.

பட்டினிக்கு இன்னொரு வாசலும் உண்டு. கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று நினைப்பீர்கள். வாயால் ஒரு ஊது ஊதிப் பாருங்கள். பறப்பதெல்லாம் உமி, அடியில் நாலு மணி கூட இருக்காது. காலையும் மாலையும் உமியை ஊதிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்.

காய்கறி ஏன் வேண்டும் என்பதை நீட்டத் தேவையில்லை. தினை, சாமை, கம்பு, சூரியகாந்தி எதிலும் விட்டமின் ஏ சொல்லிக்கொள்ளும்படி கிடையாது, சுண்ணாம்புச் சத்தும் குறைவு. சூரியகாந்தியில் கொழுப்பு வேறு. விளைவு எப்படி வரும்? ஓயாத தும்மல், கண் வீக்கம், முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்வது, ஈரலில் கொழுப்பு. வாயைத் திறந்தால் மேலண்ணப் பிளவின் ஓரத்தில் முள் முள்ளாக நிற்க வேண்டிய சதை மழுங்கி வழவழவென்று கிடக்கும். விட்டமின் டிராப்ஸைத் தண்ணீரில் விட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: வெயிலில் மருந்து கெடும், தண்ணீரில் கிருமி பெருகும், நிறம் மாறினால் சில பறவைகள் தண்ணீரையே தொடாது. அளவு கூடினால் விட்டமின் ஏ நஞ்சு. கேரட்டில் அந்தப் பயம் இல்லை, உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் விட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும்.

இனி பழக்கும் வழி. முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். சமையலறையில் வைக்கும், ஒரு கிராம் வரை காட்டும் தராசு போதும். சிறிய டப்பாவில் பறவையை உட்கார வைத்து மூன்று நாள் காலையில், தீனி வைக்கும் முன் எடை எடுத்து எழுதி வையுங்கள். பழக்கும் நாள்கள் முழுக்க இது தினமும் நடக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 90 கிராம் காக்டெயில் 81க்கு இறங்கினால், அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பழைய தீனிக்குத் திரும்புங்கள். கையால் தூக்கிப் பார்த்து "நல்லா கனமாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள். இறகு ஏமாற்றும்.

நோய்ப்பட்ட பறவை, குஞ்சுக்கு ஊட்டும் பறவை, வாங்கி இரண்டு வாரம் கூட ஆகாத பறவை, இறகு உதிர்க்கும் பறவை இவற்றிடம் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

நேரம் முக்கியம். பறவைக்குப் பசி உச்சத்தில் இருப்பது விடிந்ததும், பொழுது சாயும் முன்னும். காலை ஆறரைக்குக் காய்கறி, எட்டரைக்குத் தினை. நடுவில் இரண்டு மணி நேரம்தான், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இழுக்காதீர்கள். எட்டரைக்கு வைக்கும் தினையும் அளவாக: பட்ஜிக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி, காக்டெயிலுக்கு ஒன்று முதல் ஒன்றரை மேசைக்கரண்டி. நாள் முழுக்கக் கிண்ணம் வழிந்தால் காய்கறியை எதற்குப் பார்க்கும்?

முதல் காயாகக் கேரட் வேண்டாம், கொத்தமல்லியில் ஆரம்பியுங்கள். கடைக்காரர் கொசுறாகப் போடும் அந்தக் கொத்தைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டத் துணி கிளிப்பால் உயரக் குச்சிக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள். பட்ஜி ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும். குளிக்கிற சாக்கில் ஒரு இலையைக் கிழிக்கும். கிழித்ததில் கொஞ்சம் உள்ளே போகும். விளையாட்டாகத் தொடங்கினால் பயம் விட்டுப் போகும்.

அடுத்தது கலவை. இரண்டு தேக்கரண்டித் தினையோடு அரைத் தேக்கரண்டி கேரட்டை நன்றாகத் துருவிப் பிசறுங்கள். ஈரத்தில் தினை ஒட்டிக்கொள்ளும். தினையை எடுக்கப் போகும் அலகில் கேரட் சாறு படும், ருசி பழகும். வாரத்துக்கு வாரம் கேரட்டைக் கூட்டிக்கொண்டே போங்கள். இதைக் கிண்ணத்தில் வைக்காமல் தட்டையான தட்டில் பரப்புங்கள். பட்ஜியும் காக்டெயிலும் ஆஸ்திரேலியாவில் தரையில் மேய்ந்து தின்னும் பறவைகள், தட்டில் இருந்தால்தான் அவற்றுக்கு மேய்ச்சல் நினைவு வரும். கொனூர் என்ற கிளி வேறு ரகம். அது காலில் பிடித்துத் தின்பது, அதற்குத் துருவல் வேண்டாம், விரல் கனத் துண்டு கொடுங்கள். இந்த ஒன்று தெரியாமல் எத்தனையோ வீடுகளில் கொனூருக்குத் துருவலைக் கொடுத்துவிட்டு "சாப்பிடலை" என்கிறார்கள்.

பறவை பார்க்க நீங்கள் அதே காயை முதலில் கடியுங்கள், ரசித்துச் சாப்பிடுங்கள். கூட்டமாக வாழும் பறவைக்கு நீங்களும் கூட்டம்தான். ஏற்கெனவே காய் தின்னும் பறவை பக்கத்துக் கூண்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கொத்திக் கீழே எறிந்தால் திட்டாதீர்கள், பாடம் நடக்கிறது என்று அர்த்தம். ஒரே காயைப் பதினைந்து நாளாவது விடாமல் வையுங்கள். மூன்று நாளில் பழகும் பறவையும் உண்டு, மூன்று மாதம் எடுக்கும் பறவையும் உண்டு.

என்ன காய்? மீனாட்சி கையில் கிளி இருக்கும் ஊர் இது, கோயிலுக்குள் கிளிக்கூண்டு மண்டபமே இருக்கிறது. கிளிக்குக் கோவைப்பழம் பிடிக்கும் என்று தெரியாதவர் இங்கே கிடையாது. ஆனால் வீட்டுக் கூண்டில் தினை தவிர வேறில்லை! கோவைக்காய், பரங்கிக்காய், கேரட், பீன்ஸ், குடைமிளகாய், வேகவைத்த சர்க்கரைவள்ளி எல்லாம் நல்லவை. முருங்கைக்கீரைக்கு ஈடு இல்லை. மிளகாய்ப் பழமும் கொடுக்கலாம், பறவைக்குக் காரம் உறைக்காது; மிளகாய் தின்ற அலகை உங்கள் உதட்டருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள். பாலக்கீரை, தண்டுக்கீரை வாரம் ஒருமுறை போதும், அவை சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளரி தண்ணீர்தான், அதையே காய்கறிக் கணக்கில் எழுதாதீர்கள்.

பழனி மலையிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டை (அவகாடோ) ஒரு துணுக்கு கூடக் கொடுக்காதீர்கள். மனிதனுக்குச் சத்து, கிளிக்கு விஷம். வெங்காயம், பூண்டு, பச்சை மரவள்ளி, வேகாத காய்ந்த பீன்ஸ், உப்பும் எண்ணெயும் சேர்த்த பொரியல் எதுவும் ஆகாது. மாட்டுத்தாவணியில் வாங்கினாலும் உழவர் சந்தையில் வாங்கினாலும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். சித்திரை வெயிலில் ஈரக் கலவை இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். மிச்சத்தைச் சாயங்காலத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

"காய்கறி போட்டா லூஸ் மோஷன் போகுது" என்பது அடுத்த புகார். பறவை எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: கெட்டியான மலம், சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதி, தெளிந்த நீர். காய் தின்றால் நீர் கூடும், மலம் புழு வடிவில் அப்படியே இருக்கும். அது வயிற்றுப்போக்கு இல்லை. மலமே கூழாகி வெள்ளையோடு கலந்து வந்தால்தான் கோளாறு. பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிவப்பைப் பார்த்து அலறவும் வேண்டாம்.

இன்னொன்று, தயவுசெய்து பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டு வராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியை வளர்ப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தாலோ, எச்சம் கரும்பச்சையாகக் குறைந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே தூக்கிக்கொண்டு வாருங்கள். வரும்போது கூண்டைக் கழுவிப் புதுத்தாள் போட்டுக் கொண்டுவர வேண்டாம். அந்த அழுக்குத் தாள்தான் எங்களுக்கு முதலில் வேண்டும்.