பனி உருகும் நாளை மாற்றும் புகை

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு பருவங்களைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். புளோக்குக்குக் கீழே நிற்கும் மரம் வருஷம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும். மலை என்று பார்த்தால், நாட்டிலேயே உயரமான புக்கிட் தீமா குன்று வெறும் 164 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது கணக்கு, அப்படியானால் அந்த உச்சியில் நமக்குக் கிடைப்பது ஒரு டிகிரி, அதுவும் ஏறி முடிப்பதற்குள் கொட்டுகிற வியர்வையில் தெரியாமலே போய்விடும்.

இமயமலையில் 4,000 மீட்டருக்கு மேலே கதை வேறு. செடி துளிர்த்து, பூத்து, விதை போட்டு முடிக்கச் சில மாதங்கள்தான் உண்டு. அந்த மாதங்கள் எப்போது தொடங்கும் என்பதைப் பெரும்பாலும் பனி உருகும் நாள்தான் முடிவு செய்கிறது.

சரி, வெப்பம் கூடிப் பனி சீக்கிரம் உருகினால் செடிக்கு நல்லதுதானே? அங்கேதான் சிக்கல். கனமான பனி ஒரு போர்வை: மேலே காற்று மைனஸ் 20க்குப் போனாலும் அடியில் மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். போர்வை சீக்கிரம் விலகினால் மொட்டும் சீக்கிரம் வரும், ஆனால் இரவு உறைபனி இன்னும் ஓய்ந்திருக்காது. அமெரிக்காவின் கொலராடோ மலையில், சுமார் 2,900 மீட்டர் உயரத்தில், 1970களிலிருந்து பூக்களை எண்ணி வருகிறார்கள். பனி சீக்கிரம் உருகிய வருஷங்களில் சில காட்டுப்பூக்களின் மொட்டுகள் உறைபனியில் கருகிப்போவதை அங்கே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் புகை எங்கே வருகிறது? புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். விறகடுப்பு, செங்கல் சூளை, டீசல் வண்டி, வயலில் எரிக்கும் பயிர்த்தாள் எல்லாவற்றிலிருந்தும் கிளம்பும் கரித்துகள் மேலே போய் அதன்மேல் படிந்தால், பனி கறுத்து வெயிலைக் குடிக்கிறது, இன்னும் வேகமாக உருகுகிறது. காற்றில் மிதக்கும் கரியும் சும்மா இருப்பதில்லை. தமிழ்நாட்டில் பிறந்த காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதனும் அவர் குழுவினரும் மாலத்தீவுக்கு மேலே ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டு அளந்தார்கள். ஆசியாவின் கீழ் வளிமண்டலத்தை, கரி கலந்த இந்தப் புகைமூட்டமான ‘பழுப்பு மேகம்’ பசுமைக்குடில் வாயுக்கள் அளவுக்கே சூடாக்குகிறது என்று 2007இல் எழுதினார்கள்.

புகை எப்போதும் வில்லன் என்றும் சொல்லிவிட முடியாது. மெல்லிய மூட்டம் வெயிலைச் சிதறடிப்பதால் நிழலில் கிடக்கும் கீழ் இலைகளுக்கும் ஒளி போய்ச் சேரும். 1991இல் பிலிப்பீன்ஸின் பினதுபோ எரிமலை வெடித்தபின், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஓர் அமெரிக்கக் காட்டில் ஒளிச்சேர்க்கை கூடியதை அளந்திருக்கிறார்கள். மூட்டம் தடித்தால் அந்த லாபம் போய்விடும். அப்புறம் ஓசோன்: வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் இந்த வாயு, செடி கரியமில வாயுவுக்காகத் திறந்துவைக்கும் இலைத்துளை வழியாகவே உள்ளே புகுந்து செல்களைக் கெடுக்கிறது. நகரத்தில் இரவு வண்டிப் புகையே அதைக் கரைத்துவிடும், மலைமேல் அந்த வசதி இல்லை, ராத்திரியும் தங்கிவிடும்.

நமக்குப் பக்கத்தில், மலேசியாவின் சபாவில், 4,095 மீட்டர் கினபாலு மலை இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் அங்கே குளிர்காலம் கிடையாது, செடிகளை ஆட்டிவைப்பது மழையும் வறட்சியும்தான். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருஷங்களில், 1997, 2015 போன்றவற்றில், வறட்சி வந்தபோதே காடு எரிந்த புகைமூட்டமும் வந்தது. அந்த வருஷம் ஒரு செடி வாடினால் தண்ணீர் போதாமலா, வெளிச்சம் போதாமலா என்று பிரித்துச் சொல்வதுதான் ஆய்வாளர்களுக்குப் பெரிய தலைவலி.