பெட்ரோல் டேங்க் உள்ளிருந்துதான் ஓட்டையாகிறது

பழைய புல்லட் வைத்திருப்பவரிடம் எஞ்சினைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். டேங்கைப் பற்றிக் கேட்டால் ‘ஒழுகுச்சு, அடைச்சாச்சு’ என்று முடித்துவிடுவார். டேங்கை இப்படி இரண்டு வார்த்தையில் ஒதுக்குவது எனக்கு ஒப்புதல் இல்லை. ஒழுகும் துளை ஒரு நாளில் வந்ததில்லை. உள்ளே பல வருஷமாக நடந்த வேதியியல் வெளியே எட்டிப் பார்க்கும் கடைசிக் கட்டம் அது. துளையை மட்டும் அடைத்தால், பக்கத்தில் அடுத்த துளை வரும்.

டிரயல்ஸ் பைக்குகளுக்கு இது இன்னும் பொருந்தும். டிரயல்ஸ் வேகப்பந்தயம் இல்லை. பாறை, ஓடை, சேற்று மேடு என்று குறித்துவைத்த பாதையில் காலை ஊன்றாமல் ஊர்ந்து போகவேண்டும். ஊன்றினால் புள்ளி ஏறும், புள்ளி குறைவாக வாங்கியவருக்கு வெற்றி. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரயல்ஸை 1952-லும் 1957-லும் ஜானி பிரிட்டன் ஜெயித்தது ராயல் என்ஃபீல்டு புல்லட்டில்தான். அந்த புல்லட்டை 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் நம் திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்தது. பழைய புல்லட்டை டிரயல்ஸ் வடிவத்துக்கு மாற்றிக் கட்ட ஆசைப்படுபவருக்கு வடசென்னையில் கை உதவி கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. எடை ஏறக்கூடாது என்று டிரயல்ஸ் பைக்கில் பெட்ரோலைக் குறைவாகத்தான் ஊற்றுவார்கள். பெட்ரோல் குறைந்தால் டேங்குக்குள் காற்றுக்கு இடம் அதிகம். பகலில் சூடேறி விரியும் காற்று மூடியின் சின்னத் துளை வழியே வெளியேறும், இரவில் குளிர்ந்ததும் வெளிக்காற்று உள்ளே வரும். காசிமேட்டிலோ எண்ணூரிலோ அப்படி வருவது ஈரமும் உப்பும் கலந்த கடற்காற்று. அதிலுள்ள ஈரம் தகட்டின் உள்பக்கம் முத்து முத்தாகப் படிந்து வடிகிறது. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு முக்கால் கிலோ அளவுதான் என்பதால் தண்ணீர் அதற்கு அடியில் போய்த் தங்கிவிடும். புல்லட் டேங்க் சட்டத்தின் இரண்டு பக்கமும் தொங்குவதால் அடியில் இரண்டு பள்ளங்கள் உண்டு. பெட்ரோல் டாப் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) இல்லாத பக்கத்துப் பள்ளத்தில் சேர்ந்த தண்ணீர் வெளியேற வழியே கிடையாது.

துரு பிடிப்பதை நாம் பெரும்பாலும் தகடு முழுக்கச் சீராகத் தேய்வதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடந்திருந்தால் டேங்க் இன்னும் பல வருஷம் தாங்கும். உண்மையில் பள்ளத்தில் துருத்தூளும் கசடும் சேற்றுப்படலம் போலப் படிகின்றன. படலத்துக்கு வெளியே உள்ள இரும்புக்குத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, அடியில் மாட்டிக்கொண்ட இரும்புக்குக் கிடைப்பதில்லை. இந்த வித்தியாசமே அந்த இடத்தை ஒரு குட்டி பேட்டரியாக்கிவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத பக்கம் எலெக்ட்ரானைப் பறிகொடுத்து இரும்பு அயனியாகக் கரையும். உப்புக்காற்றில் வந்த குளோரைடு அயனிகள் அந்தக் குழிக்குள் இழுக்கப்பட்டு, அங்கே அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன. அமிலம் கூடக்கூடக் கரைவதும் வேகமாகும். சுற்றிலும் தகடு நன்றாக இருக்க, கசடுக்கு அடியில் மட்டும் ஊசிமுனைத் துளை விழுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது இதில் எத்தனாலும் சேர்ந்துவிட்டது. 2025 வாக்கில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்பது நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு கலந்துவைத்துக்கொள்ளும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 15 டிகிரி வெப்பத்தில் கிட்டத்தட்ட அரை சதவீதம் தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அந்த அடிக்கலவை வெறும் தண்ணீரைவிட மோசம். தினமும் ஓட்டும் வண்டியில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருப்பதால் இது பெரிய பிரச்சினை ஆவதில்லை. மாதக்கணக்கில் நிற்கும் பழைய வண்டிக்குத்தான் ஆபத்து.

நடுவழியில் ஒழுகினால் குளிக்கும் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பது ஊரறிந்த வழி, அது சரியான வழியும்கூட. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு, தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. வீடு போய்ச் சேர அது போதும். எம்-சீல் என்னும் எபாக்ஸிப் பசையும் உலர்ந்த, சுரண்டிச் சுத்தம் செய்த தகட்டில் சில காலம் பிடிக்கும். ஆனால் இரண்டும் வெளிப்பக்கத்து வேலை. உள்ளே அந்த பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எனவே முதல் வேலை துருவை எடுப்பது. கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுபவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை எடுத்த கையோடு நல்ல இரும்பையும் தின்னும். எவ்வளவு கழுவினாலும் மடிப்புகளில் குளோரைடு தங்கிவிடும். மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் மெதுவாக வேலை செய்தாலும் நல்லது. அதன் மூலக்கூறு இரும்பு அயனியைப் பல பக்கமும் பற்றிக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும். பாஸ்பாரிக் அமிலம் இன்னொரு நன்மை செய்கிறது: இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தை விட்டுப்போகும்.

சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுக்கும் முறையும் உண்டு. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவை டேங்கில் மாட்டவேண்டும், பாசிட்டிவை டேங்கின் வாய் வழியே தொங்கும் இரும்புக் கம்பியில். கம்பி டேங்கைத் தொடக்கூடாது. டேங்கின் உட்சுவரில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் துருவைக் கிளப்பிவிடும். சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வாயு வரும். கம்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் விஷமான குரோமியம் சேர்மங்கள் உருவாகும். ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது, ஆகவே திறந்த வெளியில்தான் செய்யவேண்டும். அமிலம் ஊற்றியிருந்தால் கழுவியவுடன் சோடாத் தண்ணீரால் அதை முறிக்கவேண்டும். எந்த முறையானாலும் உடனே உலர்த்தி, உள்ளே எண்ணெயைச் சுழற்றிவிட வேண்டும். ஈரமான புது இரும்பு சென்னைக் காற்றில் சில நிமிஷத்திலேயே செம்மஞ்சள் பூத்துவிடும்.

அடுத்தது துளையைச் சூடுவைத்து அடைப்பது, அதாவது நெருப்பு. இந்த இடத்தில் அவசரப்பட்டால் உயிர் போகும். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். அதற்குக் கீழே ஆவி போதாது, மேலே காற்று போதாது. நிறைய பெட்ரோல் உள்ள டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது என்பது இதனால்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 13 லிட்டர் டேங்கில் 1.4 சதவீதம் என்றால் 180 மில்லிலிட்டர் ஆவி. அதற்கு வேண்டிய திரவப் பெட்ரோல் எடையில் ஒரு கிராமுக்கும் குறைவு, அதாவது ஏறக்குறைய ஒரு மில்லி. ஐந்து மில்லி வரை வெடிக்கும் எல்லைக்குள்தான். ஒரு தேக்கரண்டியில் அடங்கும் அளவு. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மூடியைத் திறந்து வெயிலில் வைத்தாலும் தானாக எழுந்து போய்விடாது. துருவின் நுண்துளைகளும் தகட்டு மடிப்புகளும் பெட்ரோலை உறிஞ்சி வைத்திருக்கும், சூடு பட்டதும் விடும்.

தண்டையார்பேட்டையில் டிங்கர் வேலை (தகடு தட்டி ஒட்டும் வேலை) செய்யும் ஓர் அண்ணன், சோப்புத்தூளும் வெந்நீரும் விட்டுப் பலமுறை அலசிய டேங்கையும் உடனே தொடமாட்டார். “அண்ணே, வாசனையே இல்லையே” என்றால், “இப்ப இல்ல தம்பி. மூடி போட்டு ராத்திரி வெச்சிட்டு காலைல திறந்து மோந்து பாரு, அப்புறம் பேசு” என்பார். காலையில் வாசனை திரும்பியிருந்தால் மறுபடி வெந்நீர். நுண்துளையில் இருப்பது மெதுவாகத்தான் வெளிவரும் என்பதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. ஆனால் மூக்கு பழகிவிட்டால் ஏமாற்றும், வாசனை இல்லை என்பது மட்டும் போதாது. அவரும் அதை நம்பி நிற்பதில்லை. துளை மேலே வரும்படி டேங்கைச் சாய்த்து, துளைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் கைவைப்பார். ஆவி தங்கும் இடமே அப்போது உள்ளங்கை அளவாகச் சுருங்கிவிடுகிறது. வசதியுள்ள பட்டறையில் ஆர்கான் வாயுவை விட்டு உள்ளே உள்ள ஆக்சிஜனைத் துரத்துவார்கள், கொள்கை ஒன்றுதான்.

ஊசித்துளைக்கு கேஸ் வெல்டிங் தேவையே இல்லை என்பது என் கருத்து. எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும், பித்தளைப் பற்றுக்கு 900 டிகிரி. ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். சுடரைக் கிட்டவே கொண்டுவராமல், தனியே சூடாக்கிய கனமான செம்புமுனை இரும்பால் வேலையை முடித்துவிடலாம். அந்த அண்ணன் துளையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தகட்டை வெள்ளையாகும் வரை சுரண்டுகிறார். துத்தநாகத்தைக் கரைத்த ஆசிட்டைத் தூரிகையால் தொட்டுவைக்கிறார். அது இரும்பின் ஆக்சைடு படலத்தை அகற்றிவிடுவதால் உருகிய ஈயம் முத்தாக உருண்டு நிற்காமல் தகட்டோடு பரவி ஒட்டுகிறது. வெள்ளீயம் இரும்போடு வினைபுரிந்து நடுவில் மெல்லிய சேர்ம அடுக்கை உண்டாக்குகிறது, பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. துளை பெரிதானால் ஈயத்தை மட்டும் நம்பக்கூடாது, முன்பே ஈயம் பூசிய தகட்டுத் துண்டை மேலே வைத்துச் சூடு காட்டவேண்டும். கடைசியில் அந்த ஆசிட்டும் குளோரைடுதான் என்பதால், வேலை முடிந்ததும் சோடாத் தண்ணீரால் நன்றாகக் கழுவாவிட்டால் ஒட்டுப்போட்ட இடத்திலேயே புதுத் துரு தொடங்கும்.

அடைத்ததைச் சோதிக்கக் கம்ப்ரஸர் காற்றை அடிப்பது தவறு. சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோ அழுத்தமே 600 சதுர சென்டிமீட்டர் பக்கவாட்டில் 120 கிலோ விசை, டேங்க் உப்பிவிடும். வெளியே சுண்ணாம்புத்தூள் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் போதும். மண்ணெண்ணெய் மிக நுண்ணிய விரிசலிலும் ஊடுருவும், கசியும் இடத்தில் வெள்ளைத்தூள் ஈரமாகி நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

இதெல்லாம் எஃகு டேங்குக்கு. 1965-ல் சாமி மில்லர் ஸ்காட்லாந்தில் ஜெயித்த புல்டாக்கோ ஷெர்பா போன்ற ஸ்பெயின் நாட்டு டிரயல்ஸ் பைக்குகளில் ஃபைபர் டேங்க் பரவலாக இருந்தது. ஃபைபர் என்றதும் வடசென்னைக்காரருக்குக் காசிமேட்டுப் படகுகள்தான் நினைவுக்கு வரும். மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ரெசின் (பிசின்), ஹார்டனர் (பிசினை இறுக்கும் திரவம்) எல்லாம் அங்கே கைப்பழக்கம், விரிசலைச் சுரண்டி அடுக்கடுக்காக ஒட்டுவதில் அந்தக் கைகளுக்கு ஈடில்லை. ஆனால் பொருளில் கவனம் வேண்டும். சாதாரணப் படகு ரெசின் பாலியெஸ்டர். கடல் தண்ணீரைத் தாங்கும், எத்தனாலைத் தாங்காது. எத்தனாலின் சின்ன மூலக்கூறுகள் அதன் வலைப்பின்னலுக்குள் நுழைந்து அதை ஊதவைத்து மிருதுவாக்கும். கரைந்து வருவது பசையாகக் கார்புரேட்டரில் படியும். வினைல் எஸ்டர் ரெசினோ எரிபொருளுக்கென்றே செய்த எபாக்ஸியோ கேட்டு வாங்கி, அதே கைகளிடம் கொடுங்கள்.

டேங்கை அடைத்த பிறகு பாகம் தேடுவதிலும் பெயரைவிட அளவு முக்கியம். பேரிங்குகள் உலகம் முழுக்க ஒரே எண் முறையில் வருகின்றன: 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர், ஸ்பெயின் பைக்கானாலும் சரி, நம்மூர் மோட்டாரானாலும் சரி. பழைய பிரிட்டிஷ் பைக்குகள் பலவற்றில் பெட்ரோல் டாப் கால் அங்குல பி.எஸ்.பி. மரை (பிரிட்டிஷ் குழாய் மரை அளவு): வெளிவிட்டம் 13.16 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 19 புரி, 55 டிகிரிக் கோணம். மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி, அதை முறுக்கித் திணித்தால் டேங்கின் மரை போய்விடும். அதே கால் அங்குல மரைதான் காற்றுக் கம்ப்ரஸர் இணைப்புகளிலும் வழக்கம், பாரிமுனை ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். கிடைக்காத அளவை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். டாப்பின் பழைய கார்க்கையும் சாதாரண ரப்பரையும் மாற்றும்போது, எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பர் என்று சொல்லிக் கேளுங்கள். கடைக்குப் போகும்போது புகைப்படத்தை மட்டும் நம்பாமல் பழைய பாகத்தையும் ஒரு மரை கேஜையும் (மரையின் புரியை அளக்கும் கருவி) எடுத்துக்கொண்டு போங்கள்.