பெரியப்பாவுக்கு இடித்தது, எனக்குக் கேட்கவே இல்லை

ஹட்டனில் பாவித்த டவர் ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கினேன். இடுப்பு உயரத்துக்குத் தரையிலேயே நிற்கும் பெட்டிகள். ஓட்டோவில் படுக்கப்போட்டு எங்கள் தோட்டத்து லயன் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து, அன்று மாலையே காம்பராவில் ஒரு சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். எதிர்ச்சுவர் ஓரத்துக் கட்டிலில் பெரியப்பா சாய்ந்திருந்தார். நான் அறையின் நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன்.

அரை நிமிடம் போயிருக்காது. "கொஞ்சம் குறை தம்பி, நெஞ்சுல இடிக்குது" என்றார்.

எனக்கோ பாஸ் என்று, அதாவது அடிமட்டத்துக் கனத்த ஒலி என்று, ஒன்றுமே கேட்கவில்லை. குரல் வருகிறது, வயலின் வருகிறது, அடியில் வெறுமை. "என்ன பெரியப்பா, பாஸே வரலையே" என்றேன். இடம் மாறி உட்கார்ந்து பார்த்தோம். கட்டிலுக்குப் போனதும் எனக்கு நெஞ்சில் இடித்தது. நடுக் கதிரைக்கு வந்த பெரியப்பா, "நிப்பாட்டிட்டியா?" என்று கேட்டார்.

இரண்டு இடங்களுக்கும் நடுவே ஆறடி கூட இல்லை. அதே பெட்டி, அதே பாட்டு, வால்யூமைத் தொடவில்லை. ஒரு ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பேசுவதற்கு முன்னால் இந்த ஆறடியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பீலிக்குப் பக்கத்தில் உள்ள சிமெந்துத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் உள்ளங்கையை வைத்துத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி விட்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தண்ணீர் முழுத் தொட்டியாக ஆட ஆரம்பிக்கும். இந்த முனை ஏறும்போது அந்த முனை இறங்கும். இரண்டு முனைகளிலும் தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கொட்டும், நடுவில் மட்டம் அசையவே அசையாது. கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ தள்ளினால் அந்த ஆட்டம் கலைந்துவிடும். காம்பராவுக்குள் காற்று செய்வதும் இதேதான். தண்ணீரின் உயரம் அங்கே, காற்றின் அழுத்தம் இங்கே. காது கேட்பது அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை. சுவர் ஓரத்தில் அது உச்சத்தில் இருக்கிறது, நடு அறையில் ஏறக்குறைய இல்லை.

அந்தக் குறிப்பிட்ட வேகம் எது என்று கணக்குப் போட ஓர் அடிக்கோல் போதும். நம் மலைக் குளிரில், 15 பாகை செல்சியஸில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். எங்கள் காம்பரா 12 அடி நீளம், அதாவது 3.66 மீட்டர். எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்ப 7.32 மீட்டர். 340ஐ 7.32ஆல் வகுத்தால் 46 சொச்சம். நொடிக்கு 46 தடவை அதிரும் ஒலி வந்தால் இந்த அறை தொட்டி மாதிரி ஆடும். அகலம் 10 அடி, அதற்கு இதே கணக்கில் 56 வருகிறது.

இந்த எண்களை என் காதால் சரிபார்க்க முடிந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். பாஸ் கிட்டாரின் மிகத் தடித்த நரம்பைத் திறந்து, எங்கும் அழுத்தாமல், மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அதே நரம்பை இரண்டாம் கட்டையில் அழுத்தினால் 46. அடுத்த நரம்பைத் திறந்து மீட்டினால் 55. வாசிப்பவர் எல்லாச் சுரங்களையும் ஒரே பலத்தில்தான் வாசிக்கிறார். ஆனால் கட்டிலில் இருந்து கேட்டால் 46க்கும் 55க்கும் பக்கத்தில் வரும் சுரங்கள் மட்டும் ஊதிப் பெருத்து நிற்கும், மற்றவை பின்னுக்குப் போகும். 'பூம், பூம்' என்று ஒரே சுரத்தில் அடிக்கிற பாஸ் என்று நாம் ஸ்பீக்கரைக் குறை சொல்வோமே, அதில் பெரும் பங்கு சுவருடையது. விலை கூடிய பெட்டி வாங்கினாலும் இது போகாது. இன்னும் ஆழமான பாஸ் தரும் பெட்டி என்றால் கூடவே செய்யும்.

சரி, என்ன செய்வது? சோக்குக் கட்டியால் தரையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோடு போட்டேன். ஸ்பீக்கரை நான் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, பாட்டை ஓடவிட்டு, அறை முழுக்க முழங்காலில் நடந்து, எந்த இடத்தில் பாஸ் சமமாகக் கேட்கிறது என்று தேடினேன். தலைகீழான வேலை மாதிரித் தெரியும். ஆனால் ஒலி அனுப்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் முடிவு மாறாது. இதை ரேலி பிரபு என்ற ஆங்கில இயற்பியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவியிருக்கிறார். நன்றாகக் கேட்ட இடத்தில் ஸ்பீக்கரை வைத்தால், கதிரையில் அதே நன்மை கிடைக்கும். எங்கள் அறையில் அது பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி, பக்கச் சுவரிலிருந்து இரண்டே கால் அடி. கதிரை நடுவிலிருந்து கிளம்பி, பெரியப்பா பக்கச் சுவரிலிருந்து நாலரை அடியில் போய் நின்றது. சுவர் ஓரத்தின் இடியும் இல்லை, நடுவின் வெறுமையும் இல்லை.

பெரியப்பாவுக்கு வேறொரு கேள்வி இருந்தது. "அந்தக் காலத்து ரேடியோவுல ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். இஸ்தோப்புல வச்சா முழு லயனுக்கும் கேட்டுச்சு. இவ்வளவு பெரிய பொட்டி என்னத்துக்கு?"

நல்ல கேள்வி. இன்றும் நாம் பாவிக்கும் கூம்பு ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை ரைஸ், கெலொக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925இல் வெளியிட்டார்கள். கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியதும் அதே 1925 டிசம்பரில்தான். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்கும், அதே கணத்தில் பின்பக்கக் காற்று விரியும். ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். சின்ன அலைகளுக்கு இது பிரச்சினை இல்லை. ஆனால் 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். அது பெட்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து முன்னலையை அழித்துவிடும். பழைய ரேடியோவின் பின்பக்கம் துளை போட்ட அட்டை மட்டும்தான், திறந்த வீடு மாதிரி. அதனால்தான் அறிவிப்பாளரின் குரல் கணீரென்று வந்தது, பாஸ் வரவில்லை. லயன் முழுக்கக் கேட்டதற்கும் அதுதான் காரணம்: நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் சுரங்களில்தான் அந்த ரேடியோ தன் பலம் முழுவதையும் செலவழித்தது.

பின்னலையை அடைத்து வைக்கத்தான் பெட்டி. அடைத்தால் உள்ளே உள்ள காற்று வில் மாதிரி கூம்பைத் திருப்பித் தள்ளும். பெட்டி சின்னதாக இருந்தால் வில் விறைப்பு, ஆழமான பாஸ் வராது. டவர் உயரமாக நிற்பது இதற்காகத்தான். ஒரு சின்னப் பெட்டியை ஸ்டாண்டில் வைத்தாலும் அதே தரைதான் செலவாகும்; அந்த ஸ்டாண்டின் இடத்தையும் பெட்டியாக்கிக்கொண்டால் அது டவர்.

பின்பக்கம் ஒரு குழாய் இருக்கிறதே, அதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தூரஸ் என்பவர் 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை. போத்தல் வாயில் ஊதினால் 'ஹூ' என்று வருமே, அதேதான். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு கட்டி, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு வில். இரண்டும் சேர்ந்து ஒரே ஓர் அதிர்வில் நன்றாக ஆடும். ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்துக் குழாய் வாய்க்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். கிட்டார் இறங்கி அந்தச் சுரத்துக்கு வரும்போது புகை நேராக எழாமல் உள்ளே இழுபட்டு வெளியே துப்பப்படும். அந்த நேரம் முன்னால் கூம்பைப் பார்த்தால் அது கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். வேலையைக் குழாய்க் காற்றே செய்துகொண்டிருக்கும். நான் அதை முதலில் பார்த்தபோது மூன்று பாட்டு முடியும்வரை ஊதுபத்தியைக் கீழே வைக்கவில்லை.

சின்ன அறையில் இந்தக் குழாயின் உதவி சில வேளை அதிகமாகிவிடும். சுவர் ஏற்கெனவே பாஸைக் கூட்டுகிறது. ஒரு துண்டு ஸ்பொஞ்சை உருட்டிக் குழாய்க்குள் செருகினேன். ஆழம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அடி ஒவ்வொன்றும் தெளிவாகப் பிரிந்து கேட்டது. காசு செலவில்லாத மாற்றங்களில் இதைவிடப் பெரியது எதையும் நான் கேட்கவில்லை.

இனி குரல். என் பெட்டியில் ஆறரை அங்குலக் கூம்பு இரண்டு, மேலே உயர்ந்த சுரங்களுக்கென்று குமிழ் வடிவத்தில் ஓர் அங்குலச் சின்ன ஸ்பீக்கர் ஒன்று. இந்த விலையில் வரும் டவர்களில் பெரும்பாலும் இந்த அமைப்புத்தான். 2,000, 3,000 ஹெர்ட்ஸுக்கு இடையில் எங்கோ கூம்பு விலகிக் குமிழ் பொறுப்பெடுக்கும். அந்தக் கைமாற்றம் நேராக, காது உயரத்தில் கேட்டால்தான் ஒழுங்காகப் பொருந்தும். கதிரையில் உட்கார்ந்தால் பாடகியின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஆள் நிற்பது மாதிரி நின்றது. கட்டிலில் சாய்ந்து கேட்டால் அதே குரல் குடத்துக்குள் இருந்து பாடுவது போல ஆனது. மேலும் 'ச', 'ஸ' எழுத்துகளில் கூர்மை அதிகம், காது குத்தும். விலை குறைந்த குமிழின் குணம் அது. மறைத்துப் பேச ஒன்றும் இல்லை. பெட்டிகளை என்னை நேராகப் பார்க்காமல் சற்று வெளியே திருப்பியதும் பாதி அடங்கியது.

மீதிப் பாதிக்குக் கம்பளி. பக்கச் சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போங்கள். கதிரையில் இருந்து பார்க்கும்போது ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ, அங்கே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் போதும். கருங்கல் சுவரில் பட்டுத் திரும்பும் கூர்மை தணிந்துவிடும். ஆனால் கம்பளியால் பாஸை அடக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாரும் பஞ்சும் ஒலியை நன்றாக விழுங்க, அலையின் கால் பங்கு நீளத்துக்காவது தடிப்பு வேண்டும். 46 ஹெர்ட்ஸுக்கு அது 1.85 மீட்டர். முட்டை அட்டைக்கும் இதே கதைதான். எங்கள் பாஸை ஓரளவு காப்பாற்றுவது தலைக்கு மேலே உள்ள தகரம். கல் சுவர் திருப்பி அனுப்புவதை மெல்லிய தகரம் தானும் அதிர்ந்து வெளியே விட்டுவிடுகிறது. அதனால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் நான் போடுவதில்லை.

மலையில் காற்று மெலிசு, ஸ்பீக்கர் ஒழுங்காக வேலை செய்யாது என்று ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் காற்றை நெருக்குவதால், வெயிலில் காயும் கொழும்போடு ஒப்பிட்டால் அடர்த்தி குறைவது ஆறில் ஒரு பங்கு அளவில். கூம்பு அதே அளவு அசைந்தாலும் ஒலி ஒன்றரை டெசிபல் போலக் குறையும். வால்யூம் குமிழை ஒரு நூல் திருப்பினால் சரியாகிவிடும். குழாயின் சுரமோ அழுத்தத்தைப் பொறுத்ததே இல்லை, ஒலியின் வேகத்தைப் பொறுத்தது. கொழும்பில் 30 பாகையில் 40 ஹெர்ட்ஸ் தரும் பெட்டி இங்கே 39 தரும். அந்த வித்தியாசத்தை யாருடைய காதும் பிடிக்காது.

மலையில் ஸ்பீக்கருக்கு உண்மையான எதிரி ஈரம். கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம் ஸ்பொஞ்சால் ஆனது என்றால், காற்றின் ஈரமே வருடக்கணக்கில் அதை உடைத்துவிடும். எனக்கு முன்பு இருந்த ஒரு சோடியில் அந்த வளையம் விரல் பட்டதும் ஈரமான பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பாவித்த பெட்டி வாங்கும்போது முன்மூடியைக் கழற்றி, வளையம் ரப்பரா என்று பார்த்து, கூம்பை நாலு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் வரக்கூடாது. பெட்டி மரத்தூள் பலகையால் ஆனது, சிமெந்துத் தரையின் குளிர் ஈரத்தைக் குடித்து அடியில் உப்பும். அடியில் ஆணிக்கால் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தரை ஓட்டுத் துண்டு நான்கு போதும்.

எல்லாம் ஒதுங்கிய பிறகு ஒரு மழை விட்ட மாலையில் நாதஸ்வரமும் தவிலும் போட்டேன். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் 'டக்' தனியாக, இடப்பக்கமான தொப்பியில் கம்பு விழும் கனம் தனியாக, அந்தக் கனம் தேய்ந்து அடங்கும் வால் வரைக்கும் கேட்டது. முதல் நாள் இவை மூன்றும் ஒரே 'பூம்'தான். பெரியப்பாவின் கட்டிலைச் சுவரிலிருந்து மூன்றடி இழுத்துப் போட்டிருக்கிறோம். காம்பராவில் நடக்க வழி குறைந்துவிட்டது, பெரியம்மாவுக்கு அதில் கோபம்தான். தரையில் சோக்குக் கோடுகளை இன்னும் அழிக்கவில்லை. அலுமாரியை மாற்றி வைத்தால் திரும்பவும் அளக்க வேண்டியிருக்கும்.