கீழ்விரி பட்டியும் தன்வரைவும்

கணினியில் கீழே நீளும் மெனுவையும், அதை ஒரு நிரல் தானே வரைந்துகொள்வதையும் தமிழில் எப்படிச் சொல்வது? கணினித் திரையில் நாம் அன்றாடம் சொடுக்கும் 'மெனு' பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்த சொல். புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் அது நேர்வழியாகவும் வந்து சேர்ந்தது. சிறியது, நுண்ணியது என்று பொருள்படும் 'மினூட்டுஸ்' என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். நேரத்தைக் குறிக்கும் 'மினிட்' என்பதும் அந்த வேரில் கிளைத்ததுதான். ஒன்றை நுணுக்கி நுணுக்கி விவரிக்கும் குறிப்பு என்ற பொருளிலிருந்து, விருந்தில் பரிமாறப்படுவனவற்றின் விவரம் என்ற பொருள் பிறந்தது. உணவகத்தில் கிடைக்கும் எல்லாவற்றையும் சொல்லும் அட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கார்த்' என்பார்கள். 'மெனு' என்றால் அவர்களுக்கு ஒரே விலைக்கு வரிசையாக வரும் குறித்த உணவுத் தொகுதி, ஏறக்குறைய நம் முழுச்சாப்பாடு. ஆங்கிலம் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, தேர்ந்துகொள்ள வைக்கப்பட்டவற்றின் வரிசை என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. கணினிக்கு வந்ததும் அந்தப் பொருளே.

தமிழில் இதற்குப் 'பட்டி' என்ற சொல் கட்டற்ற மென்பொருள் தமிழாக்கங்களில் வேரூன்றிவிட்டது. பட்டி என்றதும் ஆடுமாடு அடைக்கும் இடமும், மதுரை, தேனிப் பக்கத்து ஊர்ப்பெயர்களின் ஈறும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், முதலியார்பேட்டை என்று குப்பமும் பேட்டையுமாக வாழும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஊர்ப்பெயர்க் குழப்பம் சற்றுக் குறைவு. ஆனால் விலைப்பட்டி என்று வணிகர்கள் வழங்கும் சொல்லில் இருப்பது வரிசையாக எழுதிய குறிப்பு என்னும் பொருள், கணினிக்கு வேண்டியதும் அதுதான். பட்டியல் என்றே சொல்லிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாவட்டங்களின் பெயர்களை அடுக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பெட்டியில் இருப்பது பட்டியல், அங்கே நாம் ஒரு தரவைக் குறிக்கிறோம். 'கோப்பு' என்பதைச் சொடுக்கினால் 'திற', 'சேமி', 'அச்சிடு' என்று வருவது பட்டி, அங்கே நாம் ஒரு கட்டளையை இடுகிறோம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் கீழே நீள்வதாலேயே பயனர் கையேடுகளில் இவை கலந்துவிடுகின்றன. இரண்டு சொல் கையில் இருக்கும்போது ஒன்றை வீணாக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது, அது கீழே எப்படி வருகிறது என்பது. 1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியிலும் 1984இன் மேக்கின்டோஷிலும் திரையின் உச்சியில் உள்ள பெயரின்மீது சுட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கீழே இழுக்க வேண்டும். விரலை எடுத்தால் பட்டி மறைந்துவிடும். கடையின் இரும்புச் சுருள்கதவைக் கைவிடாமல் இழுப்பதைப் போன்ற அந்தச் செயலால்தான் 'இழுத்து இறக்குவது' என்ற பொருளில் 'புல்-டவுன்' என்ற ஆங்கிலப் பெயர் அமைந்தது. ஒருமுறை சொடுக்கிவிட்டுக் கையை எடுத்தாலும் திறந்தே நிற்கும் பட்டிகளுக்கு 'தானே விழுவது' என்ற பொருளில் 'டிராப்-டவுன்' என்ற பெயர் பொருந்தியது. மேக்கில் அந்த வசதி 1997இல், அதன் இயங்குதளத்தின் 8ஆம் பதிப்பில்தான் வந்தது. இன்று இரண்டு பெயரும் வேறுபாடின்றி வழங்குகின்றன. பிரெஞ்சுக்காரர்களோ இழுப்பதையும் விழுவதையும் விட்டுவிட்டு, 'மெனு தெருலான்', அதாவது சுருள் பிரிந்து விரிவது என்றார்கள். பாயை விரிக்கிறோம், இலையை விரிக்கிறோம், கடையையே விரிக்கிறோம். ஆகவே 'கீழ்விழு பட்டி' என்ற சொல்லாக்கத்தைக் காட்டிலும் 'கீழ்விரி பட்டி' என்பதே நம் காதுக்கும் கண்ணுக்கும் ஒத்துவருகிறது.

சிக்கல் தொடங்குவது அந்தப் பட்டியை யார் வரைகிறார்கள் என்ற இடத்தில். வழக்கமாக ஒரு நிரல், பட்டியில் இன்னின்ன சொற்கள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். எழுத்துரு, நிறம், இடைவெளி, சுட்டி மேலே வந்ததும் தோன்றும் பட்டை எல்லாவற்றையும் இயங்குதளமே வரைந்துவிடும். தோற்றத்தைத் தன் விருப்பப்படி மாற்ற வேண்டுமானால், குறித்த உருப்படியைத் தானே வரைந்துகொள்வதாக நிரல் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். விண்டோஸில் இதற்குள்ள 'ஓனர்-டிரா' என்ற ஆங்கிலப் பெயரைச் சிலர் 'உரிமையாளர் வரைவு' என்று பெயர்த்திருக்கிறார்கள். அதைப் படித்தால் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நிற்பதுபோல் இருக்கிறது. அங்கே உரிமையாளர் என்பது ஆளன்று. அந்தப் பட்டியைத் தன்னிடம் வைத்திருக்கும் சாளரம், அதாவது நிரலேதான்.

இலக்கணத்தில் நமக்குத் தன்வினை, பிறவினை என்ற பழகிய பாகுபாடு உண்டு. அதை ஒட்டி, நிரல் தானே வரைவதைத் 'தன்வரைவு' என்றும், இயங்குதளத்தைக் கொண்டு வரைவிப்பதைப் 'பிறவரைவு' என்றும் சொன்னால் யார் செய்கிறார்கள் என்பது சொல்லிலேயே விளங்கும். வரைவு என்பது அரசாணைகளில் முன்வடிவத்தையும் அகப்பொருளில் திருமணத்தையும் குறிப்பது உண்மைதான். ஆயினும் முன்னால் 'தன்' நின்று, பின்னால் 'பட்டி' வரும்போது, கணினிக்காரர் யாரும் வரைவு கடாதலை, அதாவது மணந்துகொள்ளும்படி தலைவனைத் தூண்டுவதை, நினைக்கப் போவதில்லை.

தன்வரைவு நடக்கும் முறை எளியது. பட்டி முதன்முறை விரிவதற்கு முன், ஒவ்வோர் உருப்படிக்கும் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் வேண்டும் என்று இயங்குதளம் நிரலைக் கேட்கிறது. பிறகு வரைய வேண்டிய வேளையில் ஒரு செவ்வகத்தைக் கொடுத்து, அந்த உருப்படி தேர்வாகியுள்ளதா, முடக்கப்பட்டுள்ளதா, குறியிடப்பட்டுள்ளதா என்ற நிலையையும் சொல்கிறது. அளத்தல், வரைதல் என்ற இந்த இரண்டில் வரைதலைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். தமிழுக்கு உயிர்நாடி அளத்தல்தான். கடலூரில் ஓர் இரும்புக்கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதியபோது நான் உயரத்தை 18 படப்புள்ளிகள் என்று எண்ணாகவே எழுதிவைத்தேன். என் கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. கடைக்காரர் கண்ணுக்கு எட்டவில்லை என்று திரையின் அளவை 125 விழுக்காடாக வைத்திருந்தார். எழுத்துரு பெருத்தது, பெட்டி பெருக்கவில்லை. 'கழிவு' என்பதில் 'ழி'யின் மேற்கொக்கி வெட்டுண்டு 'கழவு' என்று நின்றது. "என்ன தம்பி, மெனுவில் புது ஊர்ப்பெயர் இருக்கிறதே" என்றார் அவர். அந்த நேரத்தில் உள்ள எழுத்துருவைக் கொண்டு சொல்லை அளந்து, வரும் உயரத்தோடு மேலும் கீழும் சிறிது இடம் கூட்டித் தருவதே முறை என்று அன்றைக்குப் படிந்தது.

தன்வரைவில் நிரல் ஏற்க வேண்டிய வேறு சுமைகளும் உண்டு. உருப்படியில் என்ன எழுதியிருக்கிறது என்பது இயங்குதளத்துக்குத் தெரியாமல் போவதால், விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்தி உருப்படியைத் தேர்வு செய்யும் வசதி தானாக இயங்காது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானும், உரையை நிரல் தனியே எடுத்துக் கொடுத்தாலொழிய, அங்கே பேசாமல் நின்றுவிடும். நிறத்தையும் இடைவெளியையும் மட்டும் மாற்றுவதற்கு இவ்வளவு தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் 2005 முதல் உள்ள பட்டிகளுக்கு, வரையும் வேலையை மட்டும் தனி வகுப்பாக (நிரலின் தனிக் கூறாக) பிரித்தெடுத்து மாற்ற முடிகிறது. அந்த வகுப்பை 'வரைவி' எனலாம்.

எழுதும்போது ஒற்றில் ஒரு கவனம் வேண்டும். 'கீழ்விரி பட்டி' என்பதில் 'விரி பட்டி' வினைத்தொகை, ஆதலால் அங்கே வல்லினம் மிகாது. 'தன்வரைவுப் பட்டி' என்பதில் பகர ஒற்று மிகும்.