கூரைப் பாலமும் ‘மூடப்பட்ட பாலமும்’

சென்ற அக்டோபரில் அம்மாவை அழைத்துக்கொண்டு இண்டியானாபொலிசிலிருந்து மேற்கே, 36ஆம் எண் நெடுஞ்சாலையில், பார்க் கவுண்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாலையின் இருபுறமும் மக்காச்சோளம் காய்ந்து அறுவடைக்கு நின்றது. பக்கத்து இருக்கையில் அம்மா, நாங்கள் பார்க்கப்போகும் இடத்தைப் பற்றிக் கைபேசியில் அகப்பட்ட ஒரு தமிழ்க் கட்டுரையை உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். ‘பூங்கா மாவட்டத்தில் 31 மூடப்பட்ட பாலங்கள் உள்ளன’ என்ற வரிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டு, “ஏம்ப்பா, எல்லாத்தையும் மூடிட்டாங்கன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் போறோம்?” என்று கேட்டார்.

பூங்காவை முதலில் ஒதுக்கிவிடலாம். அந்தக் கவுண்டிக்கு பெஞ்சமின் பார்க் என்ற நீதிபதியின் பெயர் இடப்பட்டிருக்கிறது. அங்கே பூங்காவுக்கு வேலையே இல்லை. ஆட்பெயரையும் பிடித்து மொழிபெயர்த்தவர் பாலத்தை மட்டும் விட்டுவைப்பார் என்று எதிர்பார்த்திருக்கக் கூடாது. ஆனால் ‘மூடப்பட்ட பாலம்’ என்பது அந்த ஒரு கட்டுரையோடு முடிகிற பிழை அன்று. பயணக் குறிப்புகளிலும், படங்களுக்கு அடியில் ஓடும் வரிகளிலும், சுற்றுலாத் துண்டறிக்கைகளிலும் அதைப் பலமுறை கண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கேள்விக்குப் பிறகு அதற்கு மனம் வரவில்லை.

ஆங்கிலத்தில் ‘கவர்டு பிரிட்ஜ்’ எனப்படுவது, ஆற்றின் குறுக்கே மரத்தால் கட்டி, மேலே வீட்டுக்குப் போடுவதைப் போலக் கூரை போட்டு, பெரும்பாலும் இருபக்கமும் பலகை அடித்த பாலம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு முனையும் திறந்த களஞ்சியம் ஒன்றை ஓடையின்மேல் தூக்கி வைத்ததைப் போலிருக்கும். ‘கவர்’ என்ற சொல் லத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கியூபெக்கில் இன்றும் இப்பாலத்தைப் பிரெஞ்சில் ‘போன் குவேர்’ என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் இதற்கு வழங்கும் பெயரில் உள்ள ‘டெக்கன்’ என்ற வினைதான் கூரை வேய்பவரைக் குறிக்கும் ‘டாக்டெக்கர்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. நம்முடைய ‘வேய்’ என்ற வினைக்கு அது வெகு அருகில் நிற்கிறது. பாலம் என்பது தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே. வேர்ச்சொல் ஆய்வுக்கு இவ்வளவு போதும், ஏனென்றால் சிக்கல் பாலத்தில் இல்லை, மூடுவதில் இருக்கிறது.

தமிழில் ‘மூடு’ என்ற வினை எதன்மேல் போய் உட்காருகிறதோ அதற்கேற்பப் பொருள் மாறும். பாத்திரத்தை மூடினால் அதன்மேல் தட்டு வைக்கிறோம். குழந்தையைப் போர்வையால் மூடினால் குளிரிலிருந்து காக்கிறோம். ஆனால் ஆள் நுழைந்து போகிற எதையும், அதாவது கதவை, கடையை, சாலையை, பள்ளியை, ரயில்வே கேட்டை மூடினால், இனி அவ்வழியே போக முடியாது என்றுதான் பொருள். பாலம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது ‘பாம்பன் பாலம் மூடப்பட்டது’ என்று கேட்ட தமிழர் எவரும் அதற்குக் கூரை போட்டுவிட்டதாக நினைத்திருக்க மாட்டார். அந்தப் பொருள் சொல்லில் ஊறிக் கிடக்கிறது. மொழிபெயர்ப்பவர் விரும்பினாலும் அதைப் பிழிந்து வெளியேற்ற முடியாது.

‘இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாமே’ என்று ஒரு நண்பர் வாதிட்டார். கொள்ள முடியாத இடம் ஒன்றைச் சொல்கிறேன். உலகிலேயே மிக நீளமான கூரைப் பாலம் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், ஹார்ட்லாண்ட் என்ற ஊரில், செயின்ட் ஜான் ஆற்றின்மேல் இருக்கிறது. நீளம் 1,282 அடி. 1901இல் திறக்கப்பட்டபோது அதற்குக் கூரை கிடையாது. 1920இல் ஆற்றுப் பனிக்கட்டி மோதி, தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட அதன் இரு கண்கள் விழுந்தன. பழுது பார்த்தபோதுதான் கூரை போட்டார்கள். அந்த வேலை 1922இல் முடிந்தது. இதை ‘மூடப்பட்ட பாலம்’ அன்பர்களின் தமிழில் எழுதினால், ‘1901இல் திறக்கப்பட்ட பாலம் 1922இல் மூடப்பட்டது’ என்று வரும். ஒவ்வொரு சொல்லும் அகராதிப்படி சரி. வரி முழுவதும் பொய். நூறாண்டுக்கு முன் கைவிட்ட பாலம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்தப் பாலத்திலோ இன்றும் கார்கள் போகின்றன.

இன்னொரு சங்கடமும் உண்டு. இப்படிப்பட்ட பழைய பாலங்களில் பல இன்று வண்டிகளுக்கு உண்மையாகவே அடைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் கான்கிரீட் பாலம் கட்டிச் சாலையைத் திருப்பிவிட்டு, பழையதில் நடப்பவர்களை மட்டும் விடுகிறார்கள். அதைச் சொல்ல நேர்ந்தால் ‘மூடப்பட்ட பாலம் மூடப்பட்டுள்ளது’ என்று எழுத வேண்டிவரும். ஒரு கலைச்சொல் தன்னைப் பற்றிய மிகச் சாதாரணமான செய்தியைக்கூடச் சொல்ல விடாமல் தடுக்கிறது என்றால், அதைத் தூக்கிப் போட வேறு காரணம் வேண்டியதில்லை.

‘மூடுபல்லக்கு இருக்கிறதே, மூடுபாலம் என்று சொன்னால் என்ன?’ என்று கேட்பவரை நான் மதிக்கிறேன். வினைத்தொகையாக நல்ல கட்டுக்கோப்புள்ள சொல் அது. ‘ப்பட்ட’ என்ற வாலும் இல்லை. ஆனால் மூடுபல்லக்கு உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர் கண்ணிலிருந்து மறைப்பதற்காக மூடியது. பாலத்தின் கூரை யாரையும் மறைப்பதற்காகப் போட்டது அன்று. அது மழையில் போகிறவர் ஒதுங்குவதற்காகப் போட்டதும் அன்று, அப்படித்தான் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருந்தாலும். பாலத்தைத் தாங்குவது இருபக்கமும் நிற்கும் மரச்சட்டக்கூடு. டிரஸ் என்று பொறியாளர்கள் சொல்வது. அதன் பொருத்துகளில் மழைநீர் இறங்கித் தங்கினால் மரம் உளுத்துச் சில ஆண்டுகளில் பாலம் போய்விடும். மேலே கூரையும் பக்கத்தில் பலகையும் இருந்தால் அதே மரம் நூறாண்டு தாண்டி நிற்கும். பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றின்மேல் டிமொதி பாமர் கட்டி 1805இல் திறந்த பாலம்தான் அமெரிக்காவில் இவ்வகையில் நாமறிந்த முதலாவது. அதற்குக் கூரை போடச் சொன்னவர் பாலக் கம்பெனியின் தலைவராயிருந்த ரிச்சர்ட் பீட்டர்ஸ். கூரை மரத்துக்குத்தான், மனிதருக்கு அன்று என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் இருக்கிறது. பனிக்காலத்தில் சறுக்குவண்டிகள் வெறும் பலகையில் ஓடாதென்று, வெளியே கிடந்த பனியை அள்ளி வந்து பாலத்துக்குள் பரப்ப ஆட்களை வைத்திருந்தார்கள்.

ஆகவே இந்தப் பாலத்தின் பெயரில் இருக்க வேண்டியது மூடலும் மறைத்தலும் அன்று, கூரை. முதல் முறை சொல்லும்போது ‘கூரை வேய்ந்த பாலம்’ என்றும், பிறகு ‘கூரைப் பாலம்’ என்றும் எழுதுவதே என் வழக்கம். வேய்தல் என்ற வினை ஓலைக்கு மட்டும் உரியது என்று தயங்க வேண்டாம். தில்லையில் பொன் வேய்ந்தவன் என்று பராந்தக சோழனைப் புகழ்ந்திருக்கிறார்கள். பொன்னை வேயலாம் என்றால் மரச்சில்லையும் தகரத்தையும் தாராளமாக வேயலாம்.

கூரைப் பாலம் என்பதற்கு ஒரே ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. ஊரில் கூரை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு என்று பிரித்துச் சொல்கிறோம். அங்கே கூரை என்றால் கீற்றோ வைக்கோலோ வேய்ந்தது. அப்படியானால் கூரைப் பாலம் என்றதும் தென்னங்கீற்று வேய்ந்த பாலம் கண்முன் வராதா? வராது என்பேன். வீடு என்றால் கூரை இருந்தே தீரும், அதனால் ‘கூரை வீடு’ என்னும்போது எந்தக் கூரை என்பதே கேள்வி. பாலத்துக்கோ கூரையே கிடையாது என்பதுதான் பொது வழக்கம். அதனால் ‘கூரைப் பாலம்’ என்றதும் கூரை உண்டு என்ற செய்தி மட்டும் முன்னே வந்து நிற்கிறது. ‘மேற்கூரைப் பாலம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். கீழ்க்கூரை என்று ஒன்று இருந்தால் அதற்கும் சம்மதிப்பேன். தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘கவிகைப் பாலம்’ என்றார். கவிகை குடையையும் குறிக்கும் அழகான பழஞ்சொல், ஆனால் அடிக்குறிப்பு போட்டால்தான் விளங்கும் சொல்லைச் சாலையோரத்துப் பலகையில் எழுத முடியாது. என்னை உண்மையாகவே சற்று அசைத்தது அம்மா சொன்ன சொல்தான். பிரிட்ஜ்டன் ஊரில் சிவப்புச் சாயம் அடித்த பாலத்தின் வாயில் நின்று அண்ணாந்து பார்த்தவர், “இது கூண்டு வண்டி மாதிரி கூண்டுப் பாலமில்ல?” என்றார். கூண்டு வண்டியின் கூண்டு பறவைக் கூண்டு அன்று, மேலே வளைத்துக் கட்டிய கூரைதான். ஒப்புமை மிகச் சரி. கூண்டு வண்டியைப் பார்த்தே இராத தலைமுறைக்குக் கம்பி வலைதான் நினைவுக்கு வரும் என்பதால் மட்டுமே அதை விட்டுவிட்டேன், மனமில்லாமல்.

உள்ளே போனால் காலடியில் பலகைகள் முனகின. பக்கச்சுவரில் பலகைக்குப் பலகை இருந்த இடுக்குகளில் வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்தது. இருபக்கமும் கரையிலிருந்து கரைக்கு வில்லாக வளைந்த பெரிய மரவளைவு, சட்டக்கூட்டோடு சேர்த்து முடுக்கியது. தியோடர் பர் என்பவர் 1817இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இந்த ஊரில் ஜே. ஜே. டேனியல்ஸ் 1868இல் கட்டிய பாலத்தை 2005இல் யாரோ கொளுத்திவிட்டார்கள். இப்போது நிற்பது மறு ஆண்டே ஊரார் எழுப்பியது.

பார்க் கவுண்டியின் பாலங்கள் பலவற்றின் நெற்றியில் பெரிய எழுத்தில் ஒரு கட்டளை எழுதியிருக்கிறது. அம்மா படித்த அதே கட்டுரை அதை ‘இப்பாலத்தை நடந்து கடக்கவும்’ என்று தமிழாக்கியிருந்தது. யார் நடப்பது? அந்தக் கட்டளை குதிரைக்கு இட்டது. குதிரையை ஓடவிடாமல் நடையில் ஓட்டு என்பதே பொருள். ஓட்டத்தின் சீரான அதிர்ச்சி பாலத்துக்கு ஆகாது என்பது அன்றைய கவலை. நியூ ஹாம்ப்ஷயரையும் வெர்மாண்டையும் இணைக்கும், 1866இல் கட்டிய கார்னிஷ்–வின்ட்சர் பாலத்தில் தண்டமும் சேர்த்து எழுதியிருக்கிறது: குதிரைகளை நடையில் ஓட்டு, இல்லையேல் இரண்டு டாலர் கட்டு. கண்ணெதிரே சொல் இருக்கிறது, கூடவே குதிரை இருப்பது தெரியவில்லை. மூடப்பட்ட பாலமும் இதே கைவண்ணம்தான்.

பாலங்களுக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஏதோ பழைய பகை இருக்கிறது போலும். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின்மேல் இருந்த ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, அதைப் பொருள் தெரிந்தவர் ஒருவர் திரும்ப ஆங்கிலத்தில் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ ஆக்கிய கதை பலருக்கும் தெரியும். அது காதில் விழுந்த பிழை, மன்னிக்கலாம். இன்றைய பிழைகள் அகராதியின் முதல் பொருளை எடுத்து, ‘ப்பட்ட’ என்பதை ஒட்டவைத்து, வாயால் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காமல் அனுப்புவதால் வருகிறவை. தமிழில் செயப்பாட்டுவினையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடு வேய்ந்த வீடு, வெள்ளையடித்த சுவர், பூட்டிய கதவு என்று தானாக வரும் இடத்தில் ‘வேயப்பட்ட, அடிக்கப்பட்ட, பூட்டப்பட்ட’ என்று எழுதுகிறவர் வீட்டில் அப்படிப் பேசுவாரா?

இதே கட்டுரை, வழியில் பார்க்கத்தக்கவற்றைச் ‘சாலையோர ஈர்ப்புகள்’ என்றும் எழுதியிருந்தது. ஈர்ப்பு என்றதும் எனக்கு நியூட்டன்தான் நினைவுக்கு வருகிறார். நியூ ஜெர்சியின் மார்கேட் நகரில் 1881இல் மரத்தால் கட்டித் தகரம் போர்த்திய, ஆறு மாடி உயரமுள்ள லூசி என்ற யானை. டெக்சசில் அமரில்லோவுக்கு வெளியே மூக்கைத் தரையில் புதைத்து வரிசையாக நிற்கும் பத்து கேடிலாக் கார்கள். கன்சாசின் காக்கர் சிட்டியில் 1953இல் ஒரு விவசாயி சுற்றத் தொடங்கிய மாபெரும் கயிற்று உருண்டை. இவை யாரையும் ஈர்ப்பதில்லை. கார் போகிற போக்கில் நிறுத்தி வேடிக்கை பார்க்க வைக்கின்றன. ‘வேடிக்கை’ என்ற சொல்லை நாம் வைத்துக்கொண்டே கடன் வாங்கப் போகிறோம். சாலையோர வேடிக்கைகள் என்று எழுதினால் யானையும் கயிறும் அதற்குள் அடங்கும். கூரைப் பாலத்தை மட்டும் நான் அதில் சேர்க்க மாட்டேன், அது வண்டி போவதற்காகக் கட்டியது.

கடைசியாக ஒற்று. ‘கூரை பாலம்’ என்று இப்போதே சிலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். கூரையை உடைய பாலம் என்று விரியும் தொகை இது. இங்கே வல்லினம் மிகும். பிரித்தெழுதினாலும் சேர்த்தெழுதினாலும் சரி, நடுவில் ‘ப்’ இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால் கூரை ஒரு பக்கமும் பாலம் ஒரு பக்கமுமாகத் தனித்தனியே கிடக்கும்.