சீசன் முடிந்தும் கைக்கு வராத பொறிகள்: ஒன்ராறியோவில் என்ன செய்ய வேண்டும்?

மார்ச் மாதக் கடைசியில் ஒன்ராறியோவின் ஏரிகள் ஆளை ஏமாற்றும். பகலில் ஐஸின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். இரவில் அதுவும் உறைந்து பழைய ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். ஜனவரியில் ஒரு சாண் ஐஸை வெட்டி, பீவருக்கென்று (நீரில் வாழும், தோலுக்காகப் பிடிக்கும் கொறிவிலங்கு) கீழே இறக்கிய பொறியைத் தூக்கப் போனால், அது ஐஸின் நடுவே புளியம்பழத்துக்குள் கொட்டை போல இறுகிக் கிடக்கும். பன்னிரண்டு பொறி வைத்தவர் பத்தைத்தான் எண்ணுவார். மற்ற இரண்டும் இருந்த இடத்தில் வெட்டிய கம்பியும் ஸ்னோமொபைல் தடமும் மட்டும் இருக்கும்.

நான் பொறி வைப்பவன் அல்ல. கவார்த்தா ஏரிகள் பக்கம் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் கொட்டேஜுக்கு அடுத்த காணியில் ஒரு பொறிக்காரர் இருக்கிறார். சீசன் முடிவில் பொறி தூக்க அவரோடு இரண்டு தடவை போயிருக்கிறேன். அந்தப் பக்கம் இப்போது நம்மவர்களும் காணி வாங்குகிறார்கள், ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். பீவர் அணை கட்டி வீட்டுப் பாதை தண்ணீருக்குள் போனதும் பொறிக்காரரைத் தேடி ஓடுகிறார்கள். ஆகவே இந்த விதிகள் உரிமம் உள்ளவருக்கு மட்டுமல்ல, அவருடைய பொறியைத் தற்செயலாகக் காண்பவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

முதலில், யார் வைக்கலாம் என்பது. ஒன்ராறியோவில் இதை ஆள்வது 1997ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். உரிமம் வேண்டும்; அதற்கு முன் ஒரு பாடநெறியை முடித்துப் பரீட்சையில் தேற வேண்டும். அரசு நிலத்தில் என்றால் பொதுவாகப் பதிவு செய்த பொறித்தடம், அதாவது பொறி வைக்கவென்று ஒதுக்கிய பகுதி, ஒருவர் பெயரில் இருக்கும். தனியார் காணியில் என்றால் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். முதற்குடி மக்களின் பொறிவைப்பு உரிமை உடன்படிக்கைகளிலிருந்தும் 1982 அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவிலிருந்தும் வருவது. அது வேறு கணக்கு, அதை இந்த விதிகளோடு போட்டுக் குழப்பக் கூடாது.

<b>கடைசி நாள் என்றால் கடைசி நாள்தான்</b>

எந்த மிருகத்துக்கு எந்தத் திகதி வரை என்பது விலங்குக்கு விலங்கும் பகுதிக்குப் பகுதியும் மாறும். உங்கள் பகுதிக்கு அந்த வருடம் அறிவித்த திகதியைத்தான் பார்க்க வேண்டும். போன வருடத் திகதியை நம்பிப் போகாதீர்கள். சீசன் மூடிய பிறகு பொறி வைப்பது குற்றம். விரித்த நிலையில் ஒரு பொறி தண்ணீருக்குள் நின்றால், நீங்கள் வீட்டில் சோஃபாவில் இருந்தாலும் அந்தப் பொறி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதிகாரி வந்து கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. குளிர்காலத்தின் நடுவில் இணையும் பீவர் ஏறக்குறைய மூன்றரை மாதம் சுமந்து, இளவேனில் கடைசியில் குட்டி போடும். ஐஸ் விலகியதும் முக்குளிக்கும் பறவைகள் திரும்பி வரும். பீவருக்கு வைத்த பொறிக்குள் நீர்நாயும் நுழையும், வாத்தும் நுழையும். பத்து அங்குலச் சதுரமான 330 இலக்கப் பொறிக்கு உள்ளே வருவது யார் என்று தெரியாது. வசந்தத்தில் தோலின் தரமும் இறங்கிவிடும் என்பதால், பிடிப்பவருக்கும் அதில் லாபமில்லை.

சரி, ஐஸ் விடவில்லை, நான் என்ன செய்ய? இந்தக் கேள்விக்குக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1978இல் சூ செயின்ற் மரி நகரத்தின் வழக்கில் ஒரு பாதை போட்டது. அது குப்பையால் ஓடை மாசான வழக்கு. பொறிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் பொதுநலனுக்கான ஒழுங்குவிதிக் குற்றங்களில் வழக்கை எப்படிப் பார்ப்பது என்று அதில்தான் சொன்னார்கள். நீங்கள் வேண்டுமென்று செய்தீர்களா என்று அரசு நிரூபிக்கத் தேவையில்லை. தவிர்க்க ஒரு நியாயமான மனிதர் எடுக்கும் கவனத்தையெல்லாம் எடுத்தேன் என்று நீங்கள் காட்டினால் தப்பலாம். அடுத்த வருடமே, அருகில் இரை தூவியிருந்தது தெரியாமல் வாத்து வேட்டையாடிய ஒரு பெண்ணின் வழக்கிலும் அதே அளவுகோலை வைத்தார்கள். அவர் விடுதலையானது நிலைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘காட்டினால்’ என்பது. “ஐஸ் பிடிச்சுப் போச்சு சேர்” என்று வாயால் சொல்வது காட்டுவதாகாது. சட்டப்படி தனிநபருக்கு அதிகபட்சத் தண்டம் 25,000 டொலர், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வணிக நோக்கம் என்று வந்தால் 100,000 டொலரும் இரண்டு வருடமும் வரை ஏறும். ஒரு சின்னப் பொறிக்கு இவ்வளவு போடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. உச்சவரம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

<b>ஐஸுக்குள் இறுகியதை எடுப்பது</b>

ஐஸின் கீழே தண்ணீரில் தொங்கிய பொறி ஐஸுக்குள்ளேயே எப்படிப் போகிறது? ஒன்று, குளிர் நீள நீள ஐஸ் கீழ்நோக்கித் தடித்துப் பொறியைத் தொட்டுவிடும். இன்னொன்று, தண்ணீர் மட்டம் இறங்கும். றென்ற்-செவேர்ன் நீர்வழிக்குத் தண்ணீர் கொடுக்கும் வடக்கு ஏரிகளில் வசந்த வெள்ளத்துக்கு இடம் விட மட்டத்தைக் குறைத்து வைப்பார்கள். மட்டம் இறங்கினால் ஐஸும் இறங்கிப் பொறியின் மேல் உட்காரும்.

எங்கள் பொறிக்காரர் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே தூக்கத் தொடங்கிவிடுவார். அப்படியும் ஒன்று மாட்டியது. அவர் நேரே பொறியின் மேல் வெட்டவில்லை. நம்மூர் அலவாங்கை விட நீளமான ஐஸ் உளியால், பொறி கட்டிய கம்பத்தைச் சுற்றி ஒரு முழம் தள்ளி நாலு பக்கமும் வெட்டினார். நடுவில் ஒரு சின்ன வழி விட்டு, ஒரு காய்ந்த தடியை உள்ளே விட்டுத் தட்டினார். ‘டப்’ என்று ஒரு சத்தம், ஐஸுக்குள்ளிருந்து காலுக்கு வந்தது. பொறி பாதிதான் மூடியது, மீதியை ஐஸ் பிடித்துக்கொண்டது. “பாதி மூடினதுதான் மோசம்” என்றார் அவர். ஐஸ் உருகும்போது மிச்ச விசை பாயும், அப்போது கை உள்ளே இருந்தால் எலும்பு போகும். அதனால் கையை உள்ளே விடாமல், ஐஸ் கட்டியோடு சேர்த்துக் கயிறு போட்டுச் சறுக்கு வண்டியில் ஏற்றிக் கரைக்கு இழுத்தோம். இரண்டு பேருக்கு மூச்சு வாங்கியது. கரையில் ஒரு மரத்தடியில், யாரும் நடக்காத இடத்தில், சிவப்பு நாடா கட்டி விட்டுவிட்டார்.

செய்யக் கூடாத ஒன்று: உருகட்டும் என்று அன்ரிஃபிறீஸ் (கார் எஞ்சின் உறையாமலிருக்க விடும் திரவம்) ஊற்றுவது. தரையில் வைக்கும் பொறி உறையாமலிருக்கச் சிலர் மண்ணில் உப்போ வேறு ஏதாவதோ கலப்பதுண்டு. அந்தப் பழக்கத்தை ஏரிக்குக் கொண்டு போனால் கூட்டாட்சி மீன்வளச் சட்டத்தின் 36(3) பிரிவில் போய் விழுவீர்கள். மீன் வாழும் நீரில் கேடான பொருளைச் சேர்ப்பது தனிக் குற்றம், பொறிக் குற்றத்தை விடப் பெரிய தலைவலி.

எடுக்கவே முடியாத நிலையும் வரும். புது ஐஸ் என்றால், தெளிவாக இருந்தால், பத்து சென்ரிமீற்றர் தடிப்பு ஒரு ஆள் நடக்கப் போதும் என்பது வழக்கமான கணக்கு. வசந்த ஐஸுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அரை மீற்றர் இருந்தாலும் உள்ளே ஊசி ஊசியாகப் பிரிந்து, மிதித்தால் உதிரும். பீவரின் வீட்டைச் சுற்றியும் அது நீந்தும் வாய்க்காலின் மேலும் ஐஸ் எப்போதும் மெல்லியது. பொறி இருப்பதும் சரியாக அங்கேதான். ஒரு பொறி சில பத்து டொலர். அதற்காக இறங்காதீர்கள்.

அப்போது செய்ய வேண்டியது இது. கடைசி நாள் முடியும் முன், முடிந்தால் நீளத் தடியால் பொறியை மூட வைத்துவிடுங்கள். மூடிய பொறி எதையும் பிடிக்காது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஐஸ் உடையும்போது வெள்ளம் அள்ளிப் போகாமல் கம்பியைக் கரை மரத்தில் கட்டுங்கள். இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியையும், திகதி விழும் படத்தையும் எடுங்கள். பிறகு இயற்கை வள அமைச்சின் உள்ளூர் அலுவலகத்துக்கு நீங்களே அழையுங்கள். இத்தனை பொறி, இந்த இடம், மூடியது இத்தனை, மூட முடியாதது இத்தனை, எடுக்கப் போகும் நாள் இது என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் பதிலையும், சொன்னவர் பெயரையும், நேரத்தையும் எழுதி வையுங்கள். அவர்கள் கண்டுபிடித்து உங்களை அழைப்பதற்கும், நீங்கள் முந்தி அழைப்பதற்கும் உள்ள தூரம்தான் அந்த 1978 தீர்ப்பு கேட்கும் ‘கவனம்’.

<b>களவு போனால்</b>

பொறியைத் தொடுவதற்கே இங்கே தனிச் சட்டம் உண்டு. அதே 1997 சட்டத்தின் 13ஆம் பிரிவு, சட்டப்படி நடக்கும் வேட்டைக்கோ பொறிவைப்புக்கோ மீன்பிடிக்கோ இடைஞ்சலாகப் பொறியையோ வலையையோ இரையையோ குழப்பக் கூடாது என்கிறது. கொள்கைக்காகப் பொறியைத் தட்டி மூடிவிட்டுப் போகிறவருக்கும் இது பொருந்தும். எடுத்துக்கொண்டு போய்விட்டால் குற்றவியல் சட்டத்தின்படி களவு. 5,000 டொலருக்கு உட்பட்டதென்றால் உச்சத் தண்டனை இரண்டு வருடம். அதாவது ஒரே சம்பவத்துக்கு இரண்டு கதவுகள். களவுக்குப் பொலிஸ், பொறியைக் குழப்பியதற்கு இயற்கை வள அமைச்சின் கொன்சர்வேஷன் ஒபிசர், அதாவது இந்தச் சட்டத்தை அமுல்படுத்தும் அதிகாரி, சுருக்கமாக ‘சீ.ஓ.’ என்பார்கள். இரண்டையும் தட்டுங்கள். சீ.ஓ.வுக்குத் தகவல் சொல்லும் இலவச எண் 1-877-847-7667.

இரண்டு பொறிக்கு யார் பொலிஸுக்குப் போவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நான் அதைத் தப்பென்பேன், பொறியின் விலைக்காக அல்ல. எடுத்தவன் அதை அலமாரியில் வைக்கப் போவதில்லை, எங்கேயாவது விரிப்பான். மே மாதத்தில் உங்கள் பெயர் பொறித்த தகட்டோடு ஒரு பொறியில் நீர்நாய் செத்துக் கிடந்தால், தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். ஏப்ரலில் நீங்கள் கொடுத்த முறைப்பாட்டு எண் ஒன்றுதான் அப்போது உங்களுக்குத் துணை. காப்புறுதி கேட்பதானாலும் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

அப்படியானால் பெயர்த் தகடே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒவ்வொரு பொறிக்கும் தகடு கட்டாயம். பீவர், நீர்நாய்ப் பொறிகளுக்கு அந்தத் தகடு ஐஸுக்கோ நீர்மட்டத்துக்கோ மேலே தெரிய வேண்டும். பொறியைக் கலைக்காமலே யாருடையது என்று பார்க்கலாம். எந்தச் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நல்ல ஏற்பாடு. எங்கள் ஆள் தகட்டோடு நிற்பதில்லை. ஒவ்வொரு பொறியின் விசைச் சட்டகத்திலும் உள்பக்கமாக அரத்தால் மூன்று கோடு போட்டிருக்கிறார். தகட்டைப் பிடுங்கலாம், கோட்டைத் தேடிக் கண்டுபிடித்து அழிக்க ஒருவனும் மெனக்கெட மாட்டான்.

உங்கள் பொறியை இன்னொருவர் தடத்தில் கண்டால் கை வைக்காதீர்கள். உங்களுடையதுதான் என்று உங்களுக்குத் தெரியும், பார்க்கிறவருக்குத் தெரியாது. ஒருவேளை அது உங்களுடையதாக இல்லாவிட்டால் 13ஆம் பிரிவில் நிற்பது நீங்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், சீ.ஓ.வை அழைத்துவிட்டுத் திரும்புங்கள்.

மீன் பிடிக்கப் போய் ஐஸில் ஒரு கம்பமும் கம்பியும் தெரிந்தால், அதே அறிவுரை உங்களுக்கும். ஆட்டிப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் நாயையும் தள்ளி வைத்திருங்கள். சீசன் முடிந்தும் நிற்கிறது என்று பட்டால் மேலே சொன்ன எண்ணுக்கு இடத்தைச் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் காணியில் நீங்கள் சம்மதம் கொடுக்காமல் நிற்கிறதென்றாலும் பிடுங்கி எறிய முன் அழையுங்கள். ஒருவேளை சென்ற வருடம் காணியை விற்றவர் யாருக்கோ சம்மதம் கொடுத்திருக்கலாம், அந்த ஆளுக்குக் காணி கைமாறியதே தெரியாமலும் இருக்கலாம்.

கரையில் விட்டுவிட்டு வந்த அந்த ஐஸ் கட்டி நாலாம் நாள் பொறியை விட்டது. அவர் அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, நோட்டை எடுத்து அந்த வரியின் முன் ஒரு சரி போட்டார். களவு போன இரண்டுக்கும் நேரே முறைப்பாட்டு எண் இருக்கிறது, சரி இன்னும் விழவில்லை.